ஒரு பொதிக்கு ஒரே பிரிவு: டெபியனின் பட்டியலை ஷெல்லில் படித்தது

சென்ற கோடை விடுமுறையில், நண்பர் பணியாற்றும் பள்ளி ஒன்றின் பழைய கணினிகள் பன்னிரண்டில் டெபியன் 12 இயங்குதளத்தை நிறுவித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நிறுவுவதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் தமிழாசிரியர் ஒருவர் வந்து திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதில் தமிழுக்கென்று என்னென்ன இருக்கிறது, தம்பி? வகை பிரித்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் சுவரில் ஒட்டிவிடுவேன்" என்றார். அரை மணி நேரத்தில் தருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பட்டியலுக்கு எனக்கு நான்கு மாலைகள் தேவைப்பட்டன. அந்த நான்கு மாலைகளில், தட்டச்சிடும் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லுக்காக எழுதிய நிரலைப் பற்றியும், அது எனக்குக் காட்டியவற்றைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து அச்சிடாமல், அவை என்ன செய்கின்றன என்பதையே சொல்லிச் செல்கிறேன். நகலெடுத்து ஒட்ட வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

டெபியன் 12 வெளியான 2023 ஜூன் மாதத்தில் அதன் களஞ்சியத்தில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் கட்டுகள், இருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி உண்டு. பொதியின் பெயர், பதிப்பு எண், பராமரிப்பாளர், சார்ந்திருக்கும் பிற பொதிகள், விளக்கம் என வரிக்கு ஒரு புலமாக, புலத்தின் பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே முக்காற்புள்ளி இட்டு எழுதப்பட்ட வெறும் உரைதான் அது. ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையே ஒரு வெற்று வரி வரும். அந்தப் பத்தியில் செக்‌ஷன் என்றொரு புலம் இருக்கிறது. பொதி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை அது ஒரே சொல்லில் சொல்லிவிடும். விம் உரைதிருத்தி எடிட்டர்ஸ் பிரிவில் இருக்கும். கோப்புகளின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் மென்பொருள் விசிஎஸ் பிரிவில் இருக்கும். பேஷ், டேஷ் என்ற ஷெல்கள் ஷெல்ஸ் பிரிவில் இருக்கும். மாடு பேசுவது போல் எழுத்துகளால் வரைந்து காட்டும் கௌசே நிரலை விளையாட்டுகளுக்கான கேம்ஸ் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அது விளையாட்டுதானா என்று விவாதிக்கலாம், ஆனால் வேறு எங்கே வைப்பது என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை.

ஆசிரியர் வகை பிரித்துக் கேட்டார். டெபியனோ ஏற்கெனவே வகை பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே தமிழ்ப் பொதிகளைப் பெயரால் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் செக்‌ஷன் புலத்தையும் எடுத்துப் பக்கத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கிட்டேன். கணக்கு முதல் அடியிலேயே இடறியது. தமிழுக்கான ஈரெழுத்து மொழிக் குறியீடு டி, ஏ. இந்த இரண்டு எழுத்துகளைப் பொதிப் பெயர்களில் தேடினால் டேட்டா என்று முடியும் பொதிகள் அனைத்தும் வந்து குவியும். விளையாட்டுகளின் படங்களும் ஒலிகளும் அடங்கிய டேட்டா பொதிகளே ஏராளமாக இருக்கின்றன. சிறுகோடும் அதன்பின் இந்த ஈரெழுத்தும் பெயரின் இறுதியில் வரவேண்டும் என்று தேடலை இறுக்கியபோது பட்டியல் சுருங்கியது. ஆனால் எழுத்துருக்கள் அதில் இல்லை, ஏனென்றால் அவை மொழியின் குறியீட்டை விட்டுவிட்டு, தமிழ் எழுத்துமுறைக்கான டி, ஏ, எம், எல் என்ற நான்கெழுத்துக் குறியீட்டைத் தாங்கி வருகின்றன. படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் டெசராக்டின் தமிழ்த் தரவோ டி, ஏ, எம் என்ற மூவெழுத்துக் குறியீட்டைக் கொண்டிருக்கிறது. ஒரே மொழிக்கு மூன்று முகவரிகள். மூன்றையும் சுருங்குறித்தொடர் எனப்படும் ஒரே தேடல் வடிவத்தில் அடைத்து முதல் மாலையை முடித்தேன்.

இரண்டாம் மாலையில் எழுதியது, நினைத்தால் இன்றும் கூச்சம் தருகிற நிரல். பள்ளியின் தேவைக்கு மட்டும் எழுதியிருந்தால் போதும். ஆனால் எந்தப் பிரிவில் எத்தனை பொதிகள் உள்ளன என்று முழுக் களஞ்சியத்துக்கும் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பொதிப் பெயர்களை வரிசையாக எடுத்து, ஒரு வைல் சுழற்சிக்குள் ஒவ்வொரு பெயருக்கும், அதன் பத்தியைக் காட்டும் ஆப்ட்-கேஷ் ஷோ கட்டளையை அழைத்து, வரும் விடையிலிருந்து செக்‌ஷன் வரியை, வரிகளைத் தேடும் கட்டளையான கிரெப்பால் பிடித்தேன். இருபது பொதிகளுக்குச் சோதித்தபோது நன்றாகவே ஓடியது. முழுப் பட்டியலுக்கும் ஓடவிட்டு, தேநீர் போட்டுக் குடித்து, இரவு உணவையும் முடித்துவிட்டு வந்து பார்த்தேன். எல் எழுத்தில் தொடங்கும் நூலகப் பொதிகளில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புதிய செயல் பிறந்து, பட்டியல் முழுவதின் அட்டவணையையும் திறந்து, ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு இறந்துபோகிறது. கூடவே ஒரு கிரெப்பும் பிறந்து இறக்கிறது. 64,000 முறை நூலகத்துக்குப் போய் முறைக்கு ஒரு புத்தகமாகத் தூக்கிவருவதற்கு இது சமம்.

அதைவிடக் கொடுமை, நள்ளிரவை ஒட்டி அது முடிந்தபோது மொத்த எண்ணிக்கை என்று காட்டியது பூஜ்யம். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்க்குறியின் வலப்பக்கம் நிற்கும் சுழற்சியைப் பேஷ் ஒரு துணை ஷெல்லில் இயக்குகிறது. அதற்குள் எண்ணிக் கூட்டிய மாறி அந்தத் துணை ஷெல்லோடு மறைந்துவிடும். வெளியே நிற்கும் மாறி தொடங்கிய இடத்திலேயே இருக்கும். பல ஆண்டுகளாக ஷெல் எழுதுகிற எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததையே மறந்து விழுவதற்குத்தான் ஷெல்லில் இத்தனை குழிகள் இருக்கின்றன போலும்.

மூன்றாம் மாலையில் சுழற்சியைத் தூக்கி எறிந்தேன். பட்டியல் முழுவதும் உரைக் கோப்பாகவே கணினியில் இருக்கும்போது, அதை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தால் போதாதா? பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் இறக்கிவைக்கும் பட்டியல்கள் வார் அடைவுக்குள் லிப், அதற்குள் ஆப்ட், அதற்குள் லிஸ்ட்ஸ் என்ற இடத்தில் பேக்கேஜஸ் என்று முடியும் பெயர்களோடு கிடக்கின்றன. சில கணினிகளில் அவை சுருக்கப்பட்டிருக்கும். அப்போது ஆப்ட்-ஹெல்ப்பர் நிரலின் கேட்-ஃபைல் துணைக் கட்டளை சுருக்கத்தை விரித்துக் கொடுக்கும். ஆப்ட்-கேஷ் டம்ப்அவெய்ல் என்ற கட்டளையும் இதே பத்திகளை ஒரே நீரோட்டமாகக் கொட்டும். நான் டம்ப்அவெய்லைத் தேர்ந்துகொண்டேன். ஆப்ட் என்ற வெறும் கட்டளையை நிரலுக்குள் பயன்படுத்தாதீர்கள் என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கிறது. அதன் வெளியீடு மனிதர் படிப்பதற்கானது என்பதால், எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

கொட்டுகிற நீரை ஏந்தும் பாத்திரம் ஆக் என்ற உரை அலசும் நிரல்மொழி. 1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் பெல் ஆய்வகத்தில் உருவாக்கி, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்தார்கள். வழக்கமாக ஒரு வரியை ஒரு பதிவாகக் கொள்ளும் ஆக், பதிவுப் பிரிப்பான் மாறியை வெற்றுச் சரமாக வைத்துவிட்டால், வெற்று வரியால் பிரிக்கப்பட்ட பத்தி முழுவதையும் ஒரே பதிவாகக் கொள்ளும். டெபியனின் பட்டியலுக்கென்றே செய்த வசதியோ என்று தோன்றும். ஆனால் இந்த வசதி டெபியனைவிட மூத்தது. புலப் பிரிப்பானை வரிமுறிவாக வைத்துவிட்டால் பத்தியின் ஒவ்வொரு வரியும் ஒரு புலமாகிவிடும். அவற்றை வரிசையாகப் பார்த்து, பேக்கேஜ் என்று தொடங்கும் வரியிலிருந்து பெயரையும் செக்‌ஷன் என்று தொடங்கும் வரியிலிருந்து பிரிவையும் எடுத்து, பத்தியின் முடிவில் இரண்டையும் தத்தல் இடைவெளியுடன் ஒரே வரியில் அச்சிட்டேன். ஒரு மாலை முழுவதும் ஓடியது சில நொடிகளில் முடிந்தது. அந்த வெளியீட்டிலிருந்து பிரிவை மட்டும் வெட்டியெடுத்து, சார்ட்டால் அடுக்கி, யூனிக்கால் எண்ணி, மீண்டும் எண் வரிசைப்படி தலைகீழாக அடுக்கினால், எந்தப் பிரிவு பருத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்று திரையில் தெரியும். யூனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளை மட்டுமே சேர்த்து எண்ணும் என்பதால் முதல் சார்ட்டை விட்டுவிட முடியாது.

இதிலும் சில்லறைப் பொறிகள் இருந்தன. பிரிவின் பெயரைக் கிரெப்பால் மட்டும் தேடினால், ஜாவா என்று கேட்டவருக்கு ஜாவாஸ்கிரிப்டும் சேர்ந்து வரும். டி, ஈ, எக்ஸ் என்று எழுதப்படும் அச்சுக்கோப்பு முறையின் பிரிவைக் கேட்டால், இன்னொரு டி சேர்ந்த டெக்ஸ்ட் பிரிவு முழுவதும் கூட வந்துவிடும். நூலகப் பொதிகளுக்கான லிப்ஸ் பிரிவைத் தேடினால் ஓல்ட்லிப்ஸும் அதில் ஒட்டிக்கொள்ளும். எனவே மதிப்பு முழுவதும் பொருந்த வேண்டும் என்று ஆக்கிலேயே ஒப்பிடுவதுதான் சரி. அப்படி ஒப்பிட்டபோது இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. முதன்மைக் களஞ்சியப் பகுதியைச் சேராத பொதிகளுக்குப் பிரிவின் முன்னால் பகுதியின் பெயரும் சாய்கோடும் வரும். கான்ட்ரிப் பகுதியில் உள்ள விளையாட்டு கான்ட்ரிப் சாய்கோடு கேம்ஸ் என்றே எழுதப்பட்டிருக்கும். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவில் யூனிவர்ஸ் என்ற முன்னொட்டோடு பெருந்திரளான பொதிகள் இப்படித்தான் வருகின்றன. சாய்கோடு வரையிலான பகுதியை நீக்கிவிட்டு ஒப்பிட ஒரு வரி சேர்த்தேன்.

நிறுவப்பட்ட பொதிகளை மட்டும் பார்ப்பதற்கு டிபிகேஜி-கொயரி கட்டளை போதும். வெளியீட்டின் வடிவத்தை நாமே குறிப்பிடலாம் என்பதால் ஆக்கே வேண்டியதில்லை. ஆனால் நீக்கப்பட்டு, அமைவுக் கோப்புகளை மட்டும் விட்டுச்சென்ற பொதிகளையும் அது பட்டியலில் சேர்த்துவிடுகிறது. நிலைக்குறியில் இரண்டு ஐ எழுத்துகள் உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால், இறந்தவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியதுபோல் எண்ணிக்கை சரியாகிறது. இந்த இரு வேலைகளுக்கும் தயார்நிலைக் கருவிகள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிசிடிஆர்எல்-டூல்ஸ் பொதியில் வரும் கிரெப்-டிசிடிஆர்எல், புலத்தின் பெயரையும் மதிப்பையும் கொடுத்தால் பத்திகளைத் தேடித்தரும். ஆப்டிட்யூட் கருவியில் அலைக்குறியும் எஸ் எழுத்தும் இட்டுப் பிரிவின் பெயரைச் சேர்த்தாலே போதும். பள்ளிக் கணினிகளில் இவை எதுவும் இல்லை, இணைய வசதியும் அன்று இல்லை என்பது ஒரு காரணம்; ஆக்கில் எழுதிப் பார்க்கும் ஆசை உண்மையான காரணம்.

நான்காம் மாலையில்தான் தமிழ்ப் பொதிகளின் பட்டியல் பிரிவுகளோடு கிடைத்தது. லோஹித் தமிழ் எழுத்துரு ஃபான்ட்ஸ் பிரிவில் இருந்தது. லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகமும் ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் இடைமுகமும் லோக்கலைசேஷன் பிரிவில் இருந்தன. ஆஸ்பெல் எழுத்துப்பிழை திருத்தியின் தமிழ்ச் சொற்பட்டியல் டெக்ஸ்ட் பிரிவில். டெசராக்டின் தமிழ்த் தரவு கிராஃபிக்ஸ் பிரிவில். தமிழ்ச் சூழலை மொத்தமாக நிறுவ உதவும் பொதிகள் டாஸ்க்ஸ் பிரிவில். பத்துப் பதினைந்து பொதிகளுக்குள் ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமான முடிவுதான்: எழுத்துணரி படத்தைப் படிக்கிறது, ஆகவே கிராஃபிக்ஸ், சொற்பட்டியல் உரையோடு வேலை செய்கிறது, ஆகவே டெக்ஸ்ட். ஆனால் தமிழ் வகுப்பறையில் நிற்பவருக்கு இந்தப் பிரிவினையால் எந்தப் பயனும் இல்லை. பைத்தான் நிரல்மொழிக்கான கணித நிரலகம் நம்பை, கணிதப் பிரிவில் இல்லாமல் பைத்தான் பிரிவில் இருப்பதும் இதே வகை முடிவுதான். எதற்காக என்ற கேள்விக்குச் சில பிரிவுகள் விடை சொல்கின்றன, எதில் எழுதியது என்ற கேள்விக்குச் சில, எதனோடு சேர்ந்தது என்ற கேள்விக்கு இன்னும் சில. விளையாட்டை விரும்புபவர், கேடிஈ திரைச்சூழலை விரும்புபவர், ஹாஸ்கெல் நிரல்மொழியில் எழுதுபவர், வானொலி அமெச்சூர் ஆகிய அனைவருக்கும் ஒரே பட்டியலில் ஒரு தட்டு.

இந்த ஒற்றைச் சொல்லை யார் முடிவு செய்கிறார்கள்? பொதியைக் கட்டுபவர் தம் கட்டுப்பாட்டுக் கோப்பில் ஒரு பிரிவை எழுதி அனுப்புகிறார். ஆனால் அது பரிந்துரை மட்டுமே. களஞ்சியத்தை நிர்வகிக்கும் குழுவினரிடம் ஓவர்ரைடு என்றொரு கோப்பு இருக்கிறது. அதில் பொதியின் பெயருக்கு எதிரே எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே பட்டியலில் அச்சாகும். இரண்டும் வேறுபட்டால், உங்கள் கோப்பும் எங்கள் கோப்பும் முரண்படுகின்றன என்று பராமரிப்பாளருக்குத் தானியங்கி மடல் ஒன்று போகும். பிரிவை மாற்ற விரும்புபவர், களஞ்சியக் குழுவுக்கென்று வைத்திருக்கும் போலிப் பொதியின் பெயரில் வழு அறிக்கை எழுதவேண்டும். ஒரு சொல்லுக்கு இத்தனை காவலா என்று சிரித்தேன். பிறகு ஆப்டின் அமைவுக் கோப்பு ஒன்றைத் திறந்தபோது சிரிப்பு அடங்கியது. மெட்டாபேக்கேஜஸ், டாஸ்க்ஸ் ஆகிய பிரிவுகளின் பொதிகள் இழுத்துவரும் பொதிகளைத் தானாக வந்தவையாகக் கருதி நீக்கிவிடக் கூடாது என்றும், ஓல்ட்லிப்ஸ் பிரிவின் பொதியைப் பயனர் விரும்பி நிறுவியிருந்தால் அந்த விருப்பக்குறியை அது சார்ந்திருக்கும் பொதிக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் அதில் பிரிவுகளின் பெயர்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெயர் மாறிய பழைய பொதிகள் ஓல்ட்லிப்ஸில் வைக்கப்படுவதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. எது தேவையற்றது என்று கணினி முடிவெடுக்கும் இடத்தில், மனிதர் ஒருவர் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லும் எண்ணப்படுகிறது.

பிற லினக்ஸ் விநியோகங்களில் இதே நிரலை எழுத நேர்ந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கிய ஸ்லாக்வேரில் பிரிவு என்பது நெகிழ்வட்டுகளின் காலத்து எச்சம். ஏ வரிசை வட்டுகளில் அடிப்படை அமைப்பு, என் வரிசையில் வலையமைப்பு, எக்ஸ் வரிசையில் சாளர முறைமை. ஈ வரிசை முழுவதும் ஈமேக்ஸ் உரைதிருத்திக்கு. இன்றும் அந்த எழுத்துகளே அடைவுப் பெயர்களாக நிற்கின்றன. பொதிப் பட்டியலில் இருக்கும் இடக்குறிப்பு வரியிலிருந்து பாதையின் கடைசித் துண்டை வெட்டினால் அதுதான் பிரிவு. ஜென்டூவில் பிரிவு பொதியின் பெயரிலேயே இணைந்திருப்பதால் எல்எஸ் கட்டளை போதும். பிரிவை மாற்றினால் பெயரே மாறிவிடும் என்பதால், இடமாற்றங்களைப் பதிந்துவைக்கத் தனிக் கோப்புகளே உண்டு. ஃபெடோரா, பொதிக்குள் எழுதப்பட்டுவந்த குரூப் குறியைக் கைவிட்டுவிட்டது. இன்று அதன் பொதிக் கருவியான ஆர்பிஎம்மிடம் கேட்டால் பெரும்பாலும் குறிப்பிடப்படவில்லை என்றே விடை வரும். ஒற்றைச் சொல்லுக்காக நடக்கும் வாக்குவாதங்களை முடிக்க அதுவும் ஒரு வழிதான், எனக்கு உடன்பாடில்லை.

டெபியன் இந்தச் சிக்கலுக்குக் கண்ட இன்னொரு வழி டெப்டேக்ஸ். என்ரிகோ ஸினி முன்னின்று உருவாக்கிய இந்தத் திட்டத்தில் ஒரு பொதிக்குப் பல குறிச்சொற்கள் இருக்கலாம். இது நிரலா நூலகமா என்பது ஒரு முகம், இடைமுகம் உரையா வரைகலையா என்பது இன்னொரு முகம், எந்த வேலைக்கு, எந்த மொழியில் எழுதியது என்று முகங்கள் நீளும். முகத்தின் பெயரையும் மதிப்பையும் இரட்டை முக்காற்புள்ளி பிரிக்கும். அதைக் கண்டதும் எனக்குச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, ஒரு புத்தகத்தை ஒரே எண்ணில் அடைக்கும் முறையால் நிறைவடையாமல், பொருளைப் பல முகங்களாகப் பகுத்து முக்காற்புள்ளியால் கோக்கும் கோலன் பகுப்புமுறையை அவர் 1933இல் வெளியிட்டார். டெப்டேக்ஸின் புள்ளிகள் அவரிடமிருந்து வந்தவை என்று சொல்ல வரவில்லை. முகங்களாகப் பகுக்கும் சிந்தனையின் ஊற்று அவர் என்பது மட்டும் உறுதி. புத்தகமாவது ஒரு தட்டில்தான் நிற்க முடியும், பொருள்வடிவமற்ற பொதிக்கு அந்த நிர்ப்பந்தமும் இல்லை.

டெப்டேக்ஸில் கல்ச்சர் என்றொரு முகமும், அதன்கீழ்த் தமிழ் என்றொரு மதிப்பும் இருக்கின்றன. ஆசிரியர் கேட்டது அதுவேதான்! டேக் புலம் பல வரிகளில் தொடர்வதால், வரிவரியாகத் தேடும் கிரெப் இங்கே தடுமாறும். பத்தியை ஒரே பதிவாகப் படிக்கும் என் ஆக் நிரலுக்கு அது பொருட்டே இல்லை. ஒரு நிபந்தனையைச் சேர்த்து ஓடவிட்டேன். வந்தவை சில; நான் பெயரால் கண்டுபிடித்தவற்றில் பல அதில் இல்லை. குறிச்சொல் இடுவது தன்னார்வலர்களின் வேலை, குறிச்சொல்லே இல்லாத பொதிகள் ஏராளம். இரண்டு வழிகளின் விடைகளையும் சேர்த்து, இரட்டிப்பை நீக்கித்தான் கடைசிப் பட்டியலைச் செய்தேன்.

அச்சிடும்போது இன்னொரு வேடிக்கை. பிரிவுகளின் பெயர்களுக்கு எதிரே எழுத்துருக்கள், உள்ளூராக்கம், உரை என்று தமிழில் எழுதி, பத்திகளை நேராக்க, அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப்பிடம் அகலத்தைக் கொடுத்தேன். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகள். பேஷின் பிரிண்ட்எஃப் பைட்டுகளை எண்ணி இடம் விட்டதில் பட்டியல் படிக்கட்டுபோல் சரிந்தது. குறியீடுகளை எண்ணும் நிரல்களாலும் பயனில்லை. கொம்பும் காலும் புள்ளியும் தனிக் குறியீடுகளாக இருப்பதால், எண்ணிக்கைக்கும் திரையில் தெரியும் அகலத்துக்கும் தொடர்பே இருப்பதில்லை. தமிழ்ப் பத்தியைக் கடைசிக்குத் தள்ளினேன். கடைசிப் பத்திக்கு அகலம் தேவையில்லை.

மறுநாள் தாளைக் கொடுத்தேன். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். "உள்ளூராக்கம் என்றால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, என் ஐந்து பிரிவுகளையும் அடித்தார். ஓரத்தில் எழுத, படிக்க, பார்க்க என்று மூன்று சொற்களை எழுதி, ஒவ்வொரு பொதியிலிருந்தும் ஒரு கோடு இழுத்தார். எழுத்துணரிக்குப் படிக்க, சொற்பட்டியலுக்கு எழுத, எழுத்துருவுக்குச் சற்று யோசித்துவிட்டுப் பார்க்க.

அன்று இரவு நிரலில் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். பொதியின் பெயரும் அதற்கு எதிரே ஒரு சொல்லும் கொண்ட சிறு கோப்பு ஒன்று இருந்தால், ஆக் அதை முதலில் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு வரும் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால், செக்‌ஷன் புலத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதை விட்டுவிட்டு, ஆசிரியரின் சொல்லையே அச்சிடும். கோப்புக்கு ஓவர்ரைடு என்றே பெயர் வைத்திருக்கிறேன்.